கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி மோட்டார்: லிக்விட் கூலிங்கில் எல்லாமே பம்ப்பை நம்பி இருப்பது ஏன்?

2026 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்ன ஒரு விஷயம் பங்குச் சந்தையையே ஆட்டியது. அடுத்த தலைமுறை 'வேரா ரூபின்' ஏஐ கம்ப்யூட்டர்களைக் குளிர்விக்க சில்லென்ற தண்ணீர் தேவையில்லை, 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள தண்ணீரே போதும், எனவே சில்லர் இயந்திரங்கள் அவசியமில்லை என்றார் அவர். அடுத்த நாள் ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ட்ரேன் போன்ற குளிரூட்டும் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன.

சில்லர் போகலாம், ஏசி போகலாம், ஃபேன்கூட குறையலாம். ஆனால் ஒன்று மட்டும் போகாது. அந்த 45 டிகிரி தண்ணீரை சிப்பின் தலைக்கு மேல் நிற்காமல் ஓட வைக்கும் பம்ப்.

கேமிங் கம்ப்யூட்டரில் உள்ளங்கைக்குள் அடங்கும் பம்ப். டேட்டா சென்டரில் ஒரு ரேக் முழுக்கத் தண்ணீர் அனுப்பும் பம்ப். புதிதாக, செல்போனுக்குள் விரல் நகத்தைவிடச் சிறிய பம்ப். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அது எப்படி வேலை செய்கிறது, அதைச் சின்னதாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம், அதற்காகக் கம்பெனிகள் கோர்ட் வரை போனது ஏன்? பார்க்கலாம்.

முதலில், சிப்புக்குத் தண்ணீர் எதற்கு?

என்விடியாவின் ஹெச்100 சிப் 700 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதற்கு அடுத்து வந்த பிளாக்வெல் வகை 1,000 வாட்டைத் தொட்டுவிட்டது. வீட்டில் துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸும் ஏறத்தாழ 1,000 வாட்தான். வித்தியாசம், அயர்ன் பாக்ஸ் சூடாவதற்காகவே செய்யப்பட்டது. சிப் சூடானால் வேகம் குறையும், அதற்கும் மேல் போனால் தானாக அணைந்துவிடும்.

எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தைக் காற்றாலும் தூக்கிச் செல்லலாம், தண்ணீராலும் தூக்கிச் செல்லலாம். ஒரே கொள்ளளவில் எடுத்துக்கொண்டால் காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். அதனால்தான் ஃபேன் தோற்றுப்போகும் இடத்தில் தண்ணீர் ஜெயிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 300 வாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அதன் சூடு எவ்வளவு ஏறியிருக்கும்? சுமார் 4.3 டிகிரிதான். ஒரு தண்ணீர் பாட்டிலை ஒரு நிமிடத்தில் காலி செய்யும் வேகத்துக்கே இந்தப் பலன்.

இதே கணக்கை என்விடியாவின் 'ஜிபி200 என்விஎல்72' ரேக்குக்குப் போட்டுப் பாருங்கள். 72 ஜிபியு, 36 சிபியு, எல்லாம் சேர்ந்து ஒரே அலமாரியில் சுமார் 120 கிலோவாட். அவ்வளவையும் தண்ணீரே சுமப்பதாகவும், தண்ணீர் 10 டிகிரி சூடேறலாம் என்றும் வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 170 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு பெரிய டிரம் தண்ணீர், நிமிடத்துக்கு ஒரு தடவை.

இது புது விஷயமா?

இல்லை. 1980-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரே தண்ணீரில்தான் குளிர்ந்தது. 90-களில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சீமாஸ் சிப்கள் வந்ததும் தண்ணீர் தேவைப்படாமல் போனது, ஃபேன் காலம் தொடங்கியது. பிறகு சிப்கள் மறுபடி சூடாகத் தொடங்கின.

2004-ல் ஆப்பிள் தன் 'பவர் மேக் ஜி5' கம்ப்யூட்டரில் லிக்விட் கூலிங் வைத்தது. வேகம் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பல மெஷின்களில் திரவம் கசிந்து உள்ளே பாழானதாகப் புகார்கள் வந்தன. 2006-ல் இன்டெல் சிப்புடன் வந்த மேக் ப்ரோ மறுபடி ஃபேனுக்கே திரும்பியது.

2018 மே மாதம் கூகுள் ஐ/ஓ மேடையில் சுந்தர் பிச்சை மூன்றாம் தலைமுறை டிபியு சிப்பை அறிவித்தார். கூகுள் டேட்டா சென்டர்களில் முதல்முறையாக லிக்விட் கூலிங் கொண்டுவர வேண்டியிருந்தது அந்த சிப்புக்காகத்தான். அன்று அது ஒரு கம்பெனி செய்தி. இன்று பெரிய ஏஐ ரேக் என்றாலே லிக்விட் கூலிங்தான்.

மொட்டை மாடி மோட்டாரும் இதுவும் ஒன்றா?

பாதி ஒன்று, பாதி வேறு.

வீட்டில் மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஹெட் வேணும்?" சம்பில் இருந்து மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற வேண்டும், அந்த உயரம்தான் அங்கே முக்கியம்.

கம்ப்யூட்டருக்குள் இருப்பது மூடிய சுற்று. மேலே ஏறும் தண்ணீர் அதே அளவு கீழேயும் இறங்குகிறது. ஏறுவதற்கு ஆகும் செலவை இறங்கும் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் உயரம் கணக்கில் வராது. பம்ப் எதிர்த்துப் போராடுவது உராய்வை மட்டும்தான்.

அந்த உராய்வு லேசுப்பட்டது இல்லை. சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகட்டைக் 'கோல்டு பிளேட்' என்பார்கள். அதன் உள்ளே ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகிய இடைவெளிகளில் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள் சீப்புப் பற்கள் மாதிரி நிற்கும். இடைவெளி குறுகக் குறுக, செம்பில் இருந்து தண்ணீருக்கு வெப்பம் நன்றாகக் கடக்கும். ஆனால் அதே குறுகல்தான் தண்ணீரை நகர விடாமல் மறிக்கும்.

இதில் ஒரு ஆச்சரியம். நிமிடத்துக்கு 1 லிட்டர், 2 மீட்டர் ஹெட் என்று வைத்துக்கொண்டால் தண்ணீரை நகர்த்த உண்மையில் தேவைப்படும் சக்தி சுமார் 0.33 வாட்தான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் குட்டி பம்ப் பல வாட் எடுத்துக்கொள்ளும். 3 வாட் எடுக்கிறது என்றாலே பத்தில் ஒன்பது பங்கு வீண். ஏன்?

சின்னதாக்கினால் என்ன ஆகும்?

பம்ப் படிக்கும் மாணவர்களுக்கு முதல் வாரமே ஒரு விதி சொல்லித் தருவார்கள். இம்பெல்லரின் விட்டத்தையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி, அதை இருமடி எடுத்தால் ஹெட் எப்படி மாறும் என்று தெரிந்துவிடும். வேகத்தோடு விட்டத்தின் மும்மடியைப் பெருக்கினால் தண்ணீரின் அளவு எப்படி மாறும் என்று தெரியும்.

புரியும்படி சொன்னால், 40 மில்லிமீட்டர் இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது. அதைப் பாதியாக்கி 20 மில்லிமீட்டர் ஆக்குகிறோம். அதே ஹெட் வேண்டுமென்றால் வேகத்தை 5,000 சுற்றாக்க வேண்டும். அப்படி ஆக்கினாலும் வரும் தண்ணீர் முன்பு வந்ததில் நாலில் ஒரு பங்குதான்.

இதோடு முடியவில்லை. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் உரசும். பெரிய பம்ப்பில் அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. குட்டி பம்ப்பிலோ தள்ளிய தண்ணீரில் கணிசமான பங்கு அந்த வழியாகவே திரும்பி வந்துவிடும். பம்ப்பைப் பாதியாக்கலாம், ஆனால் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கின் துல்லியத்தை அதே அளவு கூட்டுவது சுலபம் இல்லை. மேலே பார்த்த 'பத்தில் ஒன்பது வீண்' என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது சத்தம். ஆறு இறக்கை உள்ள இம்பெல்லர் 2,500 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 250 தடவை தண்ணீரைத் தட்டும். 5,000 சுற்றில் 500 தடவை. சுருதி ஏறிவிடுகிறது இல்லையா? நம் காதுக்குத் தாழ்ந்த உறுமலைவிட உயர்ந்த 'ங்ங்ங்' சத்தம்தான் சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் எரிச்சலாகும். 2015-ல் ஏஎம்டியின் 'ரேடியான் ஆர்9 ஃபியூரி எக்ஸ்' கிராபிக்ஸ் கார்டு வந்தபோது அதிகம் பேசப்பட்ட குறை அதன் வேகம் இல்லை, பம்ப் கீச்சிடும் சத்தம்தான்.

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில்... லீக் ஆகாதா?

கிணற்றடி மோனோபிளாக் மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஒரு பக்கம், பம்ப் ஒரு பக்கம், நடுவே ஒரு ஷாஃப்ட். ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் சீல் இருக்கும். பழசானால் அங்கே சொட்டுச் சொட்டாக வடியும். வயலில் வடிந்தால் பரவாயில்லை. மதர்போர்டு மேல் வடிந்தால்?

அதனால் கம்ப்யூட்டர் பம்ப்பில் அந்த ஓட்டையே கிடையாது. காந்தம் பதித்த ரோட்டார் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே சுற்றும். காயில் வெளியே, உலர்ந்த பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சுவர். சுவரைத் தாண்டிப் போவது காந்தப்புலம் மட்டும்தான். சுற்ற வேண்டியது ஒரு பக்கம், மின்சாரம் மறுபக்கம். ஷாஃப்ட் சீல் என்ற பிரச்சினையே இல்லை.

ஜெர்மனியின் லாயிங் நிறுவனம் (இப்போது ஸைலம் குழுமத்தில்) இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களின் 'டி5' பம்ப்பில் ஷாஃப்ட்டே கிடையாது. அரைக்கோள வடிவ ரோட்டார், ஒரே ஒரு சின்ன கோளத்தின் மேல் உட்கார்ந்து சுற்றும். பம்பரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தேய்ந்தால்கூட கொஞ்சம் இறங்கி அதே இடத்தில் பொருந்திக்கொள்ளும். வெந்நீர்க் குழாய்களில் தண்ணீரைச் சுழல வைக்கும் பம்ப் குடும்பத்தில் இருந்து வந்த இது, தனியாக பாகம் பாகமாக வாங்கி லிக்விட் கூலிங் அமைப்பவர்களிடம் இன்றும் பிரபலம்.

ஆனால் இந்த வடிவமைப்புக்கு ஒரு விலை உண்டு. ரோட்டாருக்குக் கிரீஸ் கிடையாது, ஆயில் கிடையாது. சுற்றி இருக்கும் திரவமே அதற்கு லூப்ரிகன்ட். நம் ஊரில் "மோட்டார் ட்ரையா ஓடுது, ஆஃப் பண்ணு" என்று அம்மா கத்துவதற்கு என்ன காரணமோ, அதேதான் இங்கேயும். திரவம் இல்லாமல் ஓடினால் பேரிங் காலி.

பம்ப்புக்காக கோர்ட்டில் சண்டையா?

ஆமாம், அதுவும் பெரிய சண்டை.

முன்பெல்லாம் பம்ப் தனி, தண்ணீர்த் தொட்டி தனி, கோல்டு பிளேட் தனி. எல்லாவற்றையும் டியூப் போட்டு இணைக்க வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த அசெடெக் நிறுவனம் இந்த மூன்றையும் ஒரே டப்பாவுக்குள் அடுக்கியது. மேலே பம்ப், கீழே கோல்டு பிளேட், நடுவே திரவம் தங்கும் அறைகள். தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி சீல் வைத்து விற்றால் வாங்குபவர் ஸ்க்ரூ முடுக்கினால் போதும். 'ஆல்-இன்-ஒன்' அல்லது ஏஐஓ என்று இன்று கடைகளில் கிடைப்பதெல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

அந்த அமைப்புக்கு அமெரிக்க பேடன்ட் 2012-ல் கிடைத்தது. அதன் பிறகு வரிசையாக நோட்டீஸ்கள், வழக்குகள். 2013-ல் ஸ்விஃப்டெக் நிறுவனம் தன் 'ஹெச்220' கூலரை அமெரிக்கச் சந்தையில் இருந்து விலக்கியது. 2014 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ கோர்ட் ஜூரி, கூலர் மாஸ்டர் பொருட்களை அமெரிக்காவில் விற்ற சிஎம்ஐ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இழப்பீடு சுமார் 4 லட்சம் டாலர். 14.5% ராயல்டி என்ற கணக்கில் போடப்பட்ட தொகை அது.

விளைவு என்ன? மற்ற கம்பெனிகள் சுற்றி வழி தேட ஆரம்பித்தன. சிலர் பம்ப்பை ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோனார்கள். ஜெர்மனியின் பீ கொயட் நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த 'ப்யூர் லூப்' கூலரில் பம்ப் டியூபின் நடுவிலேயே இருந்தது. ஒரு விதத்தில் நல்லதுதான், புது வடிவங்கள் வந்தன. இன்னொரு விதத்தில், பொறியியல்படி எந்த இடம் சிறந்தது என்பதைவிட வக்கீல் எந்த இடத்தைச் சரி என்கிறார் என்பது பம்ப் உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது. அந்தக் கூடுதல் செலவு கடைசியில் பெட்டியின் விலையில்தான் ஏறும்.

பம்ப் எப்படிச் சாகிறது?

கடைகளில் கிடைக்கும் பல பம்ப்களுக்கு 50,000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருப்பார்கள். 24 மணி நேரமும் ஓடினால் ஐந்தே முக்கால் ஆண்டு. ஆனால் பம்ப் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை. சுற்றி இருப்பவை அதைக் கொல்கின்றன.

முதல் எதிரி காற்று. ரப்பர் டியூப் வழியாகத் தண்ணீர் மிக மிக மெதுவாக ஆவியாகி வெளியேறும். சீல் வைத்த கூலரில் அந்த இடத்தைக் காற்றுக் குமிழிகள் பிடிக்கும். குமிழி எப்போதும் சுற்றின் உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் பம்ப்பாக இருந்தால் ஏர் லாக்தான்.

இரண்டாவது எதிரி கெமிஸ்ட்ரி. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அதைத் தடுக்கக் கூலன்டில் மருந்து கலக்கிறார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் தப்பினால் கசடு உருவாகி, சீப்புப் பற்கள் மாதிரி இருக்கும் கோல்டு பிளேட்டையும் பம்ப்பையும் அடைக்கும். 2021-ல் எம்எஸ்ஐ நிறுவனம் தன் 'கோர்லிக்விட்' வரிசையில் சில மாடல்களைத் திரும்பப் பெற்றது. காரணம், உள்ளே படிந்த கசடு. 2022-ல் ஆர்க்டிக் நிறுவனம் தன் 'லிக்விட் ஃப்ரீசர் 2' கூலர்கள் சிலவற்றில் ரப்பர் கேஸ்கெட் சரியில்லை, அதனால் செம்பு அரிக்கப்படலாம் என்று தானாகவே அறிவித்து, மாற்றுவதற்கான பாகங்களை இலவசமாகக் கொடுத்தது.

இரண்டு சம்பவத்திலும் கவனியுங்கள். மோட்டாரில் தப்பு இல்லை. சில ரூபாய் ரப்பரும், கலந்த கெமிக்கலும்தான் மொத்த கூலரையும் கவிழ்த்தன. பம்ப் டிசைன் என்றால் இம்பெல்லர் வரைவது மட்டுமல்ல, பத்து வருஷம் கழித்து அந்த மூடிய டப்பாவுக்குள் என்ன நடக்கும் என்று இன்றே யோசிப்பது.

டேட்டா சென்டரில் பம்ப் நின்றால்?

இங்கேதான் விஷயம் சீரியஸ். 1,000 வாட் சிப் ஒன்று, அதன் மேல் அரை கிலோ செம்பு, அதற்குள் 50 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் நின்றால் வெப்பம் போக இடமில்லை. தோராயக் கணக்குப்படி ஒவ்வொரு விநாடியும் 2.5 டிகிரி ஏறும். 20 விநாடியில் 50 டிகிரி. ஆள் ஓடி வந்து பார்ப்பதற்குள் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் அல்லது அணைந்துவிடும். பல வாரங்கள் ஓடும் ஏஐ பயிற்சியில் ஒரு ரேக் திடீரென நின்றால், கடைசியாகச் சேமித்த இடத்தில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதனால் இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி, ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு குட்டி பம்ப் வைக்கலாம் என்றது. அசெடெக் சர்வர்களுக்கும் இதே பாணியைக் கொண்டுபோனது. ஒன்று பழுதானால் அந்த ஒரு சர்வரோடு போகும், குழாயில் அழுத்தமும் குறைவாக இருக்கும். இன்னொரு கட்சி, சர்வருக்குள் சுற்றும் பாகமே வேண்டாம், வெளியே 'சிடியு' என்ற தனிப் பெட்டியில் பெரிய பம்ப்களை வைத்து எல்லாருக்கும் அனுப்பலாம், ஒன்று நின்றால் ரிசர்வில் உள்ளது ஓடும் என்றது.

இன்றைய ஏஐ ரேக்குகளில் இரண்டாவது கட்சிதான் ஜெயித்திருக்கிறது. காரணம் எளிது. ஆயிரக்கணக்கான குட்டி பம்ப்கள் இருந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தினமும் எங்கோ ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். சர்வரைக் கழற்றி மாற்றுவதைவிட, ஓடும்போதே வெளியில் இருக்கும் பம்ப்பை மாற்றுவது சுலபம்.

பணமும் அங்கேதான் போகிறது. 2024 அக்டோபரில் ஷ்னைடர் எலக்ட்ரிக், லிக்விட் கூலிங் நிறுவனமான மோட்டிவ்ஏரின் 75% பங்கை 85 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2025 நவம்பரில் ஈட்டன், பாய்ட் நிறுவனத்தின் தெர்மல் பிரிவை 950 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

45 டிகிரி தண்ணீர் நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் வைத்திருக்கும் சென்னைக்கு இது நேரடிக் கேள்வி. 2019-ல் ஏரிகள் வற்றி நகரமே லாரித் தண்ணீருக்கு நின்றது நினைவிருக்கும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர் இல்லாமல், கார் ரேடியேட்டர் மாதிரி வெறும் வெளிக் காற்றிலேயே வெப்பத்தை விட்டுவிட முடிந்தால் மின்சாரமும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

ஆனால் வெப்பம் சூடான பக்கத்தில் இருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும். தண்ணீரை 45 டிகிரிக்கு இறக்க வேண்டுமென்றால் வெளிக் காற்று அதைவிடச் சில டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். சென்னையில் 2003 மே மாதத்தில் 45 டிகிரியே பதிவானது. வருடத்தின் பெரும்பாலான நாட்கள் தப்பித்துவிடலாம். கத்திரி வெயிலின் சில மதியங்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அதாவது, சில்லர் வேண்டவே வேண்டாம் என்பது ஐரோப்பாவில் எளிது, இங்கே நிபந்தனைக்கு உட்பட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப் 85 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி தண்ணீரில் 60 டிகிரி இடைவெளி கிடைக்கும். 45 டிகிரி தண்ணீரில் 40 தான். அந்தக் குறையை ஈடுகட்ட ஒன்று கோல்டு பிளேட் இன்னும் நுணுக்கமாக வேண்டும், அல்லது தண்ணீர் இன்னும் வேகமாக ஓட வேண்டும். இரண்டுமே பம்ப்பின் தலையில்தான் விழும். அதே குழாயில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் பம்ப்புக்குத் தேவைப்படும் சக்தி சுமார் எட்டு மடங்காகும். சில்லரில் மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பங்கைப் பம்ப் கேட்கும். மிச்சம் இல்லை என்று அர்த்தம் இல்லை, விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு மிச்சம் இல்லை என்று அர்த்தம்.

செல்போனிலுமா?

ஆமாம். 2023-ல் ஒன்பிளஸ் காட்டிய '11 கான்செப்ட்' போனில் 0.2 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான பம்ப் இருந்தது. அதில் மோட்டாரே கிடையாது. மின்சாரம் கொடுத்தால் வளையும் பீசோ செராமிக் தகடு ஒன்று மேலும் கீழும் அதிர்ந்து திரவத்தைத் தள்ளும். இதயம் மாதிரி. கேம் விளையாடும்போது 2.1 டிகிரி வரை சூடு குறையும் என்று அந்த நிறுவனமே சொன்னது. 2025-ல் வந்த 'ரெட்மேஜிக் 11 ப்ரோ' போனில் பீசோ பம்ப்புடன் லிக்விட் கூலிங் விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனால் இதில் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. ஃபேன் இல்லாத போனில் பம்ப் செய்வது, ஒரே இடத்தில் குவியும் சூட்டைப் போன் முழுக்கப் பரப்புவது மட்டும்தான். கடைசியில் அந்தச் சூடு உங்கள் கைக்குத்தான் வரும்.

கோயம்புத்தூர் இதைச் செய்ய முடியாதா?

பம்ப் என்றாலே கோவை என்று பெயர் வாங்கிய ஊர் நமக்கு இருக்கிறது. போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டார், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி, தண்ணீரையே பேரிங் லூப்ரிகன்டாகப் பயன்படுத்தி ஓடுகிறது. கம்ப்யூட்டர் பம்ப்பின் அடிப்படைச் சிக்கலும் அதுதானே. தண்ணீரோடு வாழும் மோட்டார் செய்யும் அனுபவம் அங்கே பல தலைமுறையாக இருக்கிறது.

இல்லாதது வேறு. வார்ப்பிரும்புக்குப் பதில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியத்தில் வார்த்த பிளாஸ்டிக், செராமிக் ஷாஃப்ட், காந்த ரோட்டார், வேகத்தை எண்ணிச் சொல்லும் சின்ன சர்க்யூட். இவை நான்கும் சேர்ந்தால்தான் குட்டி பம்ப். அதே சமயம், டேட்டா சென்டரின் சிடியு பெட்டிக்குள் இருக்கும் பம்ப் அவ்வளவு குட்டி இல்லை. அது கோவைக்குப் பழக்கமான அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேமிங் பம்ப்பில் சீனாவோடும் தைவானோடும் மோதுவதைவிட, கதவு அங்கே கொஞ்சம் அகலம்.

நீங்கள் ஏஐஓ கூலர் வாங்கப் போகிறீர்கள் என்றால்...

* ரேடியேட்டரின் மேல் பகுதி பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள். கேபினட்டின் மேல் பக்கம் மாட்டுவது நல்லது. காற்றுக் குமிழி ரேடியேட்டரிலேயே தங்கிவிடும்.

* பம்ப் ஓடும் சுற்று எண்ணிக்கையை மதர்போர்டு காட்டும். சத்தம் மாறினாலோ, எண் குதித்தாலோ, வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போதே சூடு ஏறினாலோ பம்ப்பைச் சந்தேகப்படுங்கள்.

* கலர் லைட், எல்சிடி திரையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். எத்தனை ஆண்டு வாரண்டி, லீக் ஆனால் மற்ற பாகங்களின் சேதத்துக்கும் பொறுப்பேற்பார்களா, உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

* ஆபீஸ் வேலை, படிப்பு, சாதாரண கேமிங் மட்டும்தானா? நல்ல ஏர் கூலர் போதும். அதில் கெட்டுப்போவதற்கு ஃபேன் மட்டும்தான் இருக்கிறது. அதை சில நூறு ரூபாயில், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு மாற்றிவிடலாம். பம்ப் போனால் பெரும்பாலும் முழு கூலரையே மாற்ற வேண்டும்.

ஏஐ என்றால் சிப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த சிப்புக்குப் பக்கத்தில் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு இம்பெல்லர் நின்றால், அதற்குக் கிடைக்கும் அவகாசம் அரை நிமிடம்கூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் புது டேட்டா சென்டர் அறிவிப்பு வரும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் ஜிபியு என்று கேட்பதோடு, அவற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப்கள் எத்தனை, அவை யாருடையவை, ஒன்று நின்றால் அடுத்தது எத்தனை விநாடியில் ஓடும் என்றும் கேட்கலாம்.